மூன்று கடிகாரங்களும் ஒரு வண்டிச் சாவியும்

என் மாமனார் எவுசேபியோ புரூயெல், டூசான் நகரில் இருபத்தொன்பது வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். முதல் நிறுத்தம் காலை ஆறு பன்னிரண்டுக்கு என்றால் ஆறு பன்னிரண்டுதான். ஆறு பதிமூன்றுக்கு மூச்சிரைக்க ஓடிவந்த எந்தப் பிள்ளைக்காகவும் அவர் நின்றதில்லை. அப்படி விடுபட்டவர்களில் அவர் சொந்த மகன் ஃபெர்மினும் உண்டு. பல்லைக்கூடத் துலக்காமல் தெருவில் நின்று அழுத அந்தப் பிள்ளைதான் பிற்பாடு எனக்குப் புருஷனாக வாய்த்தது. இன்றும் எங்கே கிளம்பினாலும் ஒரு நிமிஷம் தாமதமாகத்தான் வருவான்.

போன மார்ச் மாதம் டார்ட்டியா ரொட்டி வாங்கப் போன மாமா நான்கு மணி நேரம் வீடு திரும்பவில்லை. கடைசியில் தெற்கே நூறு கிலோமீட்டர் தள்ளி, நாட்டு எல்லையோரம் நோகாலஸில் ஒரு மருந்துக்கடை வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். "சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்னு வந்தேன்" என்றார். டார்ட்டியாப் பொட்டலம் பிரிக்காமல் பக்கத்து இருக்கையில் கிடந்தது. போய் அழைத்து வந்தவள் என் நாத்தனார் கிராசியேலா. ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதையும் நோட்டில் எழுதாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அன்றிரவே அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அப்பாவிடமிருந்து சாவியை வாங்கிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு மனிதரிடம் அதைச் சொல்வது சுலபமில்லை. மாமி போய் ஆறு வருஷமாகிறது. தனியாக இருக்கிறார். கடை, தேவாலயம், முடிவெட்டும் இடம் எல்லாமே வண்டி தூரம். ஜூன் மாத வெயிலில் கால்நடையாகப் போனால் ஆளைச் சுருட்டிப் போட்டுவிடும். சாவியை வாங்கினால் அவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது மாதிரிதான்.

மாமா கத்தவில்லை. பேரம் பேசினார்.

"அடுத்த மாநிலத்துல இருக்கற கார்ல்ஸ்பாட் குகை வரைக்கும் போயிட்டு வருவோம். நாலு பேரும். முழுக்க நான்தான் ஓட்டுவேன். ஒரே ஒரு தடவ வழி தப்பினாலோ, ஒரே ஒரு தடவ லேட்டானாலோ சாவிய நானே தந்துடறேன். இல்லேன்னா அதுக்கப்புறம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

"ஃபோன்ல மேப் பார்க்கக் கூடாது" என்றாள் கிராசியேலா.

"எனக்கு எதுக்குடி மேப்பு? உன்னைப் பெத்தப்ப ஆஸ்பத்திரிக்கு மேப் பார்த்தா போனேன்?"

இப்படியாகக் குடும்பச் சுற்றுலா என்ற பெயரில் ஒரு வழக்கு விசாரணை கிளம்பியது. பின்னால் உட்கார்ந்தால் எனக்குக் குமட்டும் என்பதால் முன்னிருக்கை எனக்கு. பின்னால் நாத்தனாரும் அவள் நோட்டும், என் புருஷனும் ஐஸ் பெட்டியும். ஐஸ் பெட்டிக்கு மேல் வெள்ளித்தாளில் சுற்றிய பதினாறு புரிட்டோ ரொட்டிச் சுருள்.

முதல் நாள் காலை சகுவாரோ பூங்காவில் கள்ளிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம். பிறகு கிழக்கே நேராக நெடுஞ்சாலை. மாமா அறுபத்தைந்து மைலைத் தாண்டவில்லை. லாரிகள் எல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டே முந்தின. மறுநாள் வெள்ளை மணல் பூங்காவில் ஃபெர்மின் பிளாஸ்டிக் தட்டில் உட்கார்ந்து மணல் மேட்டிலிருந்து சறுக்கி, கால்சட்டை நிறைய மணலோடு எழுந்து வந்தான். நாற்பத்திரண்டு வயது ஆள். மாமா கீழே நின்று நேரம் பார்த்தார்.

"பத்து நிமிஷம்னு சொன்னேன். பதினொன்னு ஆச்சு. விட்டுட்டுப் போயிருப்பேன், தெரியுமா?"

அங்கிருந்து எல் பாசோ போகும் வழியில் ஒரு தண்டவாளம் குறுக்கிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் ரயில் இல்லை, புகையும் இல்லை. மாமா வண்டியை முழுசாக நிறுத்தி, ஜன்னலை இறக்கி, தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

"எழுதிட்டேன்" என்றாள் கிராசியேலா. "நடு ரோட்டுல காரணமில்லாம நின்னார்."

"அக்கா, பள்ளிக்கூட பஸ் டிரைவர் எல்லாரும் அப்படித்தான் நிக்கணும். அது சட்டம்" என்றான் ஃபெர்மின்.

"இது பஸ்ஸா?"

"பின்னாடி சண்டை போடற ரெண்டு பிள்ளைங்க இருக்கீங்களே, பஸ்தான்" என்றார் மாமா. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாத்தனார் எழுதியதை அடித்தாள்.

அவர் வழி தப்பவே இல்லை. எல் பாசோவின் பாலங்களுக்குள் புகுந்து புறப்பட்டபோதும் இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் குவாடலூப்பே மலையடிவாரத்தில் கூடாரம் போட்டபோது எனக்கு அவர்மேல் அத்தனை பெருமை. மறுநாள் காலை பத்தரைக்குக் குகைக்குள் போக முன்பதிவு. முக்கால் மணி நேர ஓட்டம்தான். இந்த வழக்கில் அவர் ஜெயித்தாகிவிட்டது என்று நினைத்தேன்.

காலையில் அடுப்பைப் பற்ற வைத்துக் காபி போட்டுக்கொண்டிருந்தேன். கூடாரத்துக்குள்ளிருந்து கிராசியேலா அலறிக்கொண்டு வந்தாள்.

"மணி பத்து நாப்பது! போச்சு! டிக்கெட் போச்சு! அப்பா, நீங்க லேட்டு!"

மாமா நிதானமாகத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டு நாப்பது. உக்காந்து காபியக் குடி."

"ஒம்பது நாப்பது" என்றான் ஃபெர்மின், தன் ஃபோனை நீட்டி.

என் ஃபோன் முந்தின நாளே செத்துவிட்டது. நான்கு பேர், மூன்று மணி. எங்கள் ஊரில் கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை. மற்ற ஊர்க்காரர்கள் கோடைக்கு ஒருமுறை முன்னால் திருகுவார்கள், குளிருக்கு ஒருமுறை பின்னால் திருகுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் பத்தியச் சாப்பாடு மாதிரி அது நம் நினைவில் நிற்காது. இரண்டு நாளாக அடுத்த மாநிலங்களில் சுற்றியும், எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பக்கத்துக் கூடாரத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம் ஓடினேன். "இங்க மணி என்னங்க?"

நுரையைத் துப்பிவிட்டு யோசித்தாள். "ஒம்பது நாப்பதா இருக்கணும். இந்த மலைக்கு அந்தாண்ட ஒரு மணி கூட. சில ஃபோன் அந்தப் பக்கத்து கோபுரத்தப் புடிச்சுக்கும். நேத்து நாங்களும் ஏமாந்தோம். என்னை நம்பாதீங்க."

ஆக, மகள் ஒரு மணி முந்தியிருந்தாள், அப்பா ஒரு மணி பிந்தியிருந்தார். சரியாகச் சொன்னவன் வாழ்நாள் முழுக்கத் தாமதமாக வருகிற என் புருஷன். அவனை யார் நம்புவார்கள்? நம்பவில்லை. ஆனால் கிராசியேலாவின் கூச்சலில் கூடாரத்தைச் சுருட்டியும் சுருட்டாமலும் வண்டிக்குள் அடைத்து, காபிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். குகை வாசலில் நான்கு பேரும் ஒரே குரலில் காவலரிடம் மணி கேட்டோம்.

"பத்து இருபத்தெட்டு" என்றார் அவர். எங்களை ஒருமாதிரி பார்த்தார்.

"ரெண்டு நிமிஷம் முன்னாடி" என்றார் மாமா.

"என் ஃபோன் தப்பா காட்டினதால! உங்க கடிகாரத்த நம்பி இருந்தா இன்னும் அங்கதான் காபி குடிச்சிட்டு இருப்போம்!"

"உன் ஃபோன நம்பி இருந்தா டிக்கெட் போச்சுன்னு வீட்டுக்குத் திரும்பியிருப்போம்!"

இரண்டும் உண்மை. இரண்டு தப்பும் சேர்ந்துதான் எங்களை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அதில் மாமாவின் பங்கைத் தப்பென்று எழுதுவதா, சரியென்று எழுதுவதா? நாத்தனார் நோட்டைத் திறந்து, வெகுநேரம் யோசித்து, ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டாள்.

"இந்த செருப்பு, ஷூவோட வேற குகைக்குள்ள போயிருக்கீங்களா?" என்று காவலர் கேட்டார். வௌவால்களுக்கு நோய் பரவுமாம்.

"எந்த வருஷத்துல?" என்றார் மாமா.

"எந்த வருஷமா இருந்தாலும்."

"பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்க ஊர்க் குகைக்கு வருஷா வருஷம் போவேன். ஆனா அது இந்தக் காலுதான். ஷூ வேற."

கிராசியேலா பேனாவை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

உள்ளே போகப் போக வௌவால் நாற்றம் குறைந்து குளிர் ஏறியது. சுற்றிச் சுற்றி இறங்கும் பாதை. கால் மணி நேரத்தில் மேற்கு எது, வாசல் எது என்பதே எனக்கு மறந்துவிட்டது. மாமா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கீழே அந்தப் பெரிய கூடத்தில் நின்று ஒரு தடவை சுற்றிப் பார்த்தார்.

"இங்க நல்லாயிருக்கு ஃபினா" என்றார் என்னிடம் கிசுகிசுப்பாக. "இங்க யாருக்குமே திசை தெரியல. கம்பியப் புடிச்சிட்டே போனா போதும்."

குகையைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

லிஃப்டில் மேலே வந்து, மிச்சமிருந்த புரிட்டோவைத் தின்று, திரும்பக் கிளம்பினோம். குகைச் சாலை நெடுஞ்சாலையில் போய் முட்டும் இடத்தில் மாமா வண்டியை நிறுத்தினார். வலப்பக்கம் போனால் எல் பாசோ, வீடு. இடப்பக்கம் போனால் கார்ல்ஸ்பாட் ஊர். இரண்டு பக்கமும் வண்டி எதுவும் வரவில்லை. பின்னால் அக்காவும் தம்பியும் இன்னும் அந்த மணிக் கணக்கைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து விநாடி ஆனது. இருபது ஆனது. மாமா திரும்பும் விளக்கும் போடவில்லை, சக்கரத்தையும் திருப்பவில்லை. அவர் கழுத்தில் வியர்வை வழிவதைப் பார்த்தேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

சாலையைப் பார்த்தபடியே, உதடு அசையாமல் கேட்டார்: "எந்தப் பக்கம்மா?"

விளையாடுகிறாரா? நேற்று எல் பாசோவையே கரைத்துக் குடித்தவராயிற்றே? உரக்கச் சொன்னால் வழக்கு அங்கேயே முடிந்தது. சும்மா இருந்தாலும் முடிந்தது. யோசிக்க நேரமில்லை. மடியில் இருந்த என் வலது கையைத் தூக்கி, வலது முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினேன். மாமா வலப்பக்கம் விளக்கைப் போட்டுத் திருப்பினார்.

"என்ன இவ்ளோ நேரம்?" என்றாள் கிராசியேலா.

"ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் திரும்பணும். உன்னை மாதிரியா?"

அதற்குப் பிறகு நான் சரியாகச் சாப்பிடவில்லை. எல் பாசோவில் தட்டினேன். அன்றிரவு தங்கின டெமிங் ஊரில், மறுநாள் காலைச் சிற்றுண்டிக்குப் பின் நெடுஞ்சாலைக்கு ஏறும் இடத்தில் தட்டினேன். எல்லாத் திருப்பத்திலும் அவர் கேட்கவில்லை. சிலதில் தானாகவே சரியாகத் திரும்பினார். அப்போது, நான் சேர்ந்து ஏமாற்றுகிறேனா, வெறுமனே கொஞ்சம் ஒத்தாசை செய்கிறேனா என்று குழப்பம் இன்னும் கூடியது. நானூறு சொச்சம் மைல் முழுக்க எனக்கே எது சரி, எது தப்பு என்று விளங்கவில்லை. அவர் தோற்பதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

அன்று மத்தியானம் அவர் வீட்டு வாசலில் வண்டி நின்றது. கிராசியேலா இறங்கி வந்து, டிரைவர் பக்கத்து ஜன்னலுக்கு நேரே நின்று, நோட்டிலிருந்த தாள்களைக் கிழித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சிடுங்கப்பா. நான்தான் அவசரப்பட்டுட்டேன். ஒரு தப்புகூட இல்ல."

அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்து வைக்க உள்ளே போனாள். ஃபெர்மின் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.

மாமா இறங்கவில்லை. எஞ்சினை அணைத்தார். சாவியை உருவி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கினார்.

"மாமா, வேண்டாம். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். செத்தாலும் சொல்லமாட்டேன்."

"தெரியும். அதுதான் பயமா இருக்கு."

"நீங்க ஜெயிச்சிட்டீங்க மாமா."

"ஓட்டினது நீம்மா. நான் சக்கரத்தத்தான் புடிச்சிட்டு இருந்தேன்." வெளியே வெயிலைப் பார்த்தார். "அந்த நோகாலஸ் போன அன்னிக்கு நாலு மணி நேரமும் பக்கத்து சீட்டுல டார்ட்டியாதான் இருந்துச்சு. அதைக் கேட்டேன். அது தட்டல."

வாசலிலிருந்து கிராசியேலா சந்தோஷமாகக் கூப்பிட்டாள்: "அப்பா! ஞாயித்துக்கிழமை பூசைக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க! நீங்கதான் ஓட்டணும்!"

"ஃபினா ஓட்டுவா" என்று குரல் கொடுத்தார். "ஜெயிச்சவனுக்கு ஒரு டிரைவர் வேணாமா?"

அவள் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தேன், அழுகைதான் வந்தது. மாமா தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்து, கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை காத்திருந்தார். ஒரு நிமிஷத்துக்கு மேலேயே காத்திருந்தார்.