ஸ்டீபன் சொன்ன இடம்

போன வாரம் அவிசாவளையிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வழியில் ஏதோ பாலம் திருத்துகிறார்கள். வாகனங்கள் அப்படியே நின்றுவிட்டன. என் ஜன்னலுக்கு நேரே ஒரு லொறி. தார்ப்பாயையும் மீறி உள்ளே இருந்த சரக்கின் வாசனை வந்தது. புகை போட்ட ரப்பர் ஷீட். பக்கத்து இருக்கைப் பெண் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நியாயம்தான். புளித்த பாலும் அமிலமும் விறகுப் புகையும் சேர்ந்த நாற்றம் அது. நான் மட்டும் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தேன். எனக்கு அது ஒரு பாடகனின் வாசனை.

பாடகன் என்றதும் ஆர்மோனியத்தையும் ஜரிகை வேட்டியையும் நினைத்துவிடாதீர்கள். ஸ்டீபன் பாடியது ஹெவி மெட்டல். முகத்தில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. தோளில் மூன்றங்குல ஆணிகள். தொண்டையின் அடியிலிருந்து, கிணற்றுக்குள் பாறாங்கல்லை உருட்டுவது போல ஒரு உறுமல். இந்த வகைப் பாடகர்கள் வெளிநாட்டில் தோல் உடை போடுவார்கள். எங்கள் தோட்டத்தில் தோலுக்கு எங்கே போவது? அவனுடைய அப்பாவுக்குப் புகைக்கூடத்தில் வேலை. குமிழ் விழுந்து ஒதுக்கிப்போட்ட ஷீட்டுகளைத் தொழிற்சாலை ஐயாவிடம் கேட்டு வாங்கினான். அவன் தங்கச்சி சாக்கு ஊசியால் தைத்துக் கொடுத்தாள். தேன் நிறத்தில், வெளிச்சம் பட்டால் பளபளக்கும். வெயில் பட்டால்தான் வினை, உடம்போடு ஒட்டிக்கொள்ளும். “பாடுறதவிட இதக் கழட்டுறதுதான்டா வேதன” என்பான். அந்த உறுமலில் பாதி ரோமம் பிடுங்கப்படும் வலிதான் என்று நான் சொல்வேன்.

எஹலியகொடைக்கு மேலே, ரப்பர் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிய ஒற்றை அறை வீடுகள் கொண்ட ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். அவன் காம்பராவுக்கும் எங்கள் காம்பராவுக்கும் நடுவில் பாக்கியம் அத்தையும் அவர் மகன் சந்திரனும் இருந்தார்கள். அம்மாமார் ரப்பர் பால்வெட்டப் போன காலைகளில் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே தட்டில் ரொட்டி போட்டவர் அத்தை. ஸ்டீபன் வேதக்காரன். மாதா கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவன். குரல் உடைந்த வருஷம் சிஸ்டர் அவனைப் பின்வரிசைக்கு அனுப்பினார். அடுத்த வருஷம் வாயை மட்டும் அசைக்கச் சொன்னார். நானும் அந்தக் குழுவில்தான் நின்றேன், எனக்கும் அதையே சொன்னார், நான் பேசாமல் பத்திரிகைக்குப் போய்விட்டேன்.

தொண்ணூற்றிரண்டில் எங்களுக்கு இருபது வயது. நான் கொழும்புத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்குப் பிரதேச நிருபர். பஸ் கவிழ்ந்தது, மண் சரிந்தது, கோயில் தேர் ஓடியது, இவைதான் என் உலகச் செய்திகள். ஸ்டீபன் அப்பாவோடு புகைக்கூடத்தில் விறகு தள்ளிக்கொண்டிருந்தான். அதற்கு மேல்மேட்டில்தான் சின்னத்துரையின், அதாவது உதவி மேனேஜரின், பங்களா. புதிதாக வந்தவர், கொழும்புக்காரர், சிங்களவர். மத்தியானத்தில் அவர் பங்களாவிலிருந்து இரும்பை இரும்பால் அறைவது போல ஒரு பாட்டு வரும். ஷீட் உருட்டும் ரோதை பழுதாகிவிட்டது என்று மெக்கானிக் ஒருநாள் ஓடிவந்ததுண்டு. ஸ்டீபன் நேரே பங்களாவுக்குப் போய் அந்தக் கசெட்டைக் கேட்டான். துரைமாரிடம் கசெட் கேட்ட முதல் ஆள் அவனாகத்தான் இருக்கும். அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். ஒரு மாதம் கழித்து அவன் அவரிடமே பாடிக் காட்டினான். அவருக்கு சிரிப்பு நின்றுவிட்டது என்றான். அவருடைய தம்பி நுவன் கொழும்பில் கிட்டார் வாசிப்பவன். பாடகன் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த அவனுடைய குழுவுக்குக் கல்லறை சம்பந்தப்பட்ட ஓர் ஆங்கிலப் பெயர். ஸ்டீபன் அதில் சேர்ந்தான்.

முதல் கச்சேரி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். சவப்பெட்டியைத் திறந்துகொண்டு எழுந்து வந்தான். முந்நூறு பையன்கள் தலையை ஆட்டினார்கள். அவன் தமிழனா சிங்களவனா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. உறுமலுக்கு அடையாள அட்டை கிடையாது. அந்த ஒன்றரை மணி நேரம் கொழும்பில் யாரும் அவனிடம் ஊரும் பேரும் கேட்கவில்லை. அதற்காகவே பாடலாம் என்றான். ஊர் திரும்பும் காலையில்தான் கேட்பார்கள். ஒருமுறை சாயம் சரியாகக் கழுவாமல், கண்ணைச் சுற்றிக் கரியோடு பஸ் ஏறிவிட்டான். சோதனைச் சாவடியில் இறக்கிவிட்டார்கள். பாடகன் என்றான். பாடச் சொன்னார்கள். பாடினான். சிப்பாய் ஒருவன் துப்பாக்கியைப் பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தானாம்.

சந்திரனுக்கு அப்படிப் பாடிக்காட்ட எதுவும் இல்லை. கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். பட்டாளத்தின் ஒரு சுற்றிவளைப்பில் தங்கியிருந்த இடத்திலிருந்து ஏழு பேரைக் கொண்டுபோனார்கள். ஆறு பேர் திரும்பினார்கள். அத்தைக்காக நான்தான் மனு எழுதினேன், கடிதம் எழுதினேன், பத்திரிகையில் நான்கு வரி போட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் என்ன ஆச்சு என்று கேட்க, விசாரணை நடக்குது அத்தை என்று சொல்வேன். இரண்டு வருஷம் இதையே சொன்னேன்.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ஸ்டீபனின் குழுவைக் கூப்பிட்டது அந்த இரண்டாம் வருஷம்தான். ஆறு மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி இல்லை. ஆகவே மத்தியானம் மூன்று மணிக்குக் கச்சேரி. பக்கப் பலகையை இறக்கிய லொறிதான் மேடை. கோயில் காரியத்தில் சவப்பெட்டி கூடாது என்று தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் ஸ்டீபன் ரப்பர் பால் பீப்பாய்க்குள்ளிருந்து, புகைக்கூடத்து விறகுப் புகைக்கு நடுவே எழுந்தான். நான் கீழே, என் டேப் ரெக்கார்டரை நீட்டிக்கொண்டு, ஒரு பெரிய இசை விமர்சகனைப் போல நின்றிருந்தேன்.

முதல் பாட்டுக்கு சனம் வாயைப் பிளந்தது. இரண்டாவது பாட்டில், வெயிலில் ஷீட் இளகி, லொறியைச் சுற்றி அந்த வாசனை கிளம்பியது. எனக்குப் பின்னால் நின்ற கிழவி மெதுவாகச் சொன்னாள்:

“பொகக்கூடத்து வாட அடிக்குது பாருடி. நம்ம முனிதான் வந்துருக்கு.”

புகைக்கூடத்துக்குப் பின்னால் ரோதமுனிக்கு ஒரு கல் உண்டு. இயந்திரத்துக்குக் காவல் அவர்தான்.

“வேதக்காரப் பய மேலயா எறங்கும்?” என்றாள் இன்னொருத்தி.

“முனிக்கு என்னா, ஞானஸ்நானம் தெரியுமா? கொரலு ஏத்ததா இருக்கு, எறங்கிருச்சு.”

மஞ்சள் தண்ணீர் வந்தது. வேப்பிலை வந்தது. லொறியின் ஓரத்தில் யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். கைதட்டலின் உள்ளூர் வகை இது என்று நினைத்து டிரம்காரன் இன்னும் வேகமாக அடித்தான். அப்போது பாக்கியம் அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஸ்டீபனின் முழங்காலில் தொங்கிய ஷீட்டைப் பிடித்துக்கொண்டார். கிட்டார் நின்றது. டிரம்மும் நின்றது.

“எம்புள்ள வருவானா?”

ஸ்டீபன் என்னைப் பார்த்தான். கறுப்பும் வெள்ளையும் கலந்து கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது. கையில் ரெக்கார்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மூச்சை இழுத்தான். அதே உறுமலில், ஒரே சொல்.

“வருவான்.”

அத்தை ஷீட்டை விட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். “மச்சங், ஏ அம்மா மொனவத எஹுவே?” என்று நுவன் கேட்டான், அந்த அம்மா என்ன கேட்டார் என்று. ஸ்டீபன் அடுத்த பாட்டைத் தொடங்கினான்.

லொறிக்குப் பின்னால், அவன் தேங்காய் எண்ணெய் போட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் சண்டை பிடித்தேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. உறுதிப்படுத்தாத செய்தியை அச்சில் ஏற்றுவதுதான் உலகத்திலேயே பெரிய பாவம். தெரியாத ஒன்றை எப்படிடா சொன்னாய் என்று கேட்டேன். அவன் துடைப்பதை நிறுத்தவில்லை.

“நீ ரெண்டு வருசமா விசாரண நடக்குதுன்னு சொல்ற. அது மட்டும் தெரிஞ்சா சொன்ன?”

அந்தத் திருவிழாவுக்கு நான் முக்கால் பத்தி எழுதி அனுப்பினேன். ‘இசை நிகழ்ச்சியும் நடைபெற்றது’ என்று ஒரு வரி வந்தது.

அதற்குப் பிறகு ஸ்டீபன் மாறிப்போனான். லயத்துக்கு முன்பக்கமாக வருவதில்லை. கக்கூஸ் பக்கத்துக் குறுக்குப் பாதையால் வந்து, அத்தை கண்ணில் படாமல் உள்ளே நுழைவான். என்னிடம் தடுப்பு முகாம்களின் விலாசங்களை வாங்கிக்கொண்டு போனான். சந்திரனின் படத்தோடு ஒவ்வொரு வாசலாக நின்றான். தோள்வரை தொங்கும் முடியைப் பார்த்து வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள் என்று, முடியை வெட்டிவிட்டான். மெட்டல் பாடகன் முடியை வெட்டுவது பட்டாளத்துக்காரன் துப்பாக்கியைத் தொலைப்பது போல. நுவன் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அடுத்த கச்சேரிக்குத் தேங்காய்த் தும்புக்கயிற்றில் கறுப்புச் சாயம் போட்டுத் தலையில் கட்டினார்கள். அது தோள் ஆணியில் மாட்டிக்கொண்டது. பாட்டு முடியும்வரை பாடகன் ஒரு பக்கமாகத் தலை சாய்த்தே நின்றான். அதுவும் நடிப்பு என்று நினைத்துப் பையன்கள் எல்லோரும் தலையைச் சாய்த்தார்களாம்.

முகாம்களில் சந்திரன் பெயர் எங்கும் இல்லை.

திருவிழா முடிந்து மூன்று வாரம் இருக்கும். எஹலியகொடை டவுனில், சைக்கிள் கடைக்கு மேலே என் அறை. ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, அன்றைக்கு நான் பதிவு செய்தது இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

“ஸ்டீபன் சொன்ன எடத்தப் போடுங்க, தம்பி.”

சாமி சொன்னது என்று சொல்லவில்லை. முனி என்று சொல்லவில்லை. ஒரே தட்டில் ரொட்டி போட்ட பிள்ளையின் பெயரைச் சொன்னார். நான் ரெக்கார்டரைத் துழாவிக்கொண்டே திரும்பி நின்றுகொண்டேன். மூன்று வாரமாக, ஒரு பாவப்பட்ட மனுஷியை ஏமாற்றிவிட்டான் என்று ஸ்டீபனிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவன் நான்.

அந்த இடம் 214இல் வரும். டேப்பின் சின்ன எண் சக்கரத்தைப் பார்த்து நிறுத்தப் பழகிக்கொண்டேன். முதலில் டிரம், பிறகு அத்தையின் கேள்வி, பிறகு ஒரு மூச்சு, பிறகு அந்தச் சொல். ஒரு தடவைதான் கேட்பார். கேட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய்விடுவார். மாதத்துக்கு ஒருமுறையாவது வந்தார், பல வருஷம்.

நுவன் மெல்பனுக்குப் போனதோடு குழு கலைந்தது. ஸ்டீபனின் தொண்டையில் கட்டி என்று டொக்டர் ஒரு மாதம் பேசவே கூடாது என்றார். பேசாமல் இருந்தே பாஸ்போர்ட் எடுத்து, கட்டாருக்கு ஹோட்டல் துணி வெளுக்கப் போனான். அவன் போனபிறகுதான், ‘ஸ்டீபன் சொன்ன எடம்’ என்று அத்தை வந்து கேட்பதைப் போனில் அவனிடம் சொன்னேன். பிறகு, “அத்தைக்கு இன்னும் மூச்சு வாங்குதா?” என்று கேட்டான்.

நாட்டில் யுத்தம் முடிவதற்கு முந்தின வருஷம், மழை மாதத்தில், அத்தை போய்விட்டார். அவருடைய தகரப் பெட்டியில் சந்திரனுக்கென்று மடித்து வைத்த, உடுத்துகிற சாரம் ஒன்று இருந்தது, கடை லேபல் கிழிக்காமல்.

இப்போது அந்தத் தோட்டத்தில் புகைக்கூடம் இல்லை. ரப்பரைப் பிடுங்கிவிட்டு எண்ணெய்ப்பனை வைத்திருக்கிறார்கள். லயத்துச் சுவரில் மாட்டியிருந்த ஸ்டீபனின் உடை ஒரு கோடையில் தானாகவே இளகி, ஆணியோடு சேர்ந்து ஒரே கட்டியாகிப் போனது. கழிவு ரப்பரான ஒட்டுப்பாலோடு சேர்த்துப் போட்டுவிட்டாள் அவன் தங்கச்சி. அந்தக் கட்டி எந்த லொறியில் ஏறி, எந்த டயரானதோ.

பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும் கசெட்டைத் தேடி எடுத்தேன். எங்கள் பக்கத்து ஈரம் தெரியுமல்லவா. நாடா முழுக்க வெள்ளைப் பூஞ்சை. துடைத்துப் போட்டுப் பார்த்தேன். 214இல் நிறுத்தினேன். மழை பெய்வது போல ஒரு இரைச்சல். டிரம் இல்லை, கேள்வி இல்லை, மூச்சு இல்லை.

கட்டாருக்கு அழைத்தேன். இப்போது அவன் பேசுவது காற்று ஊதுவது மாதிரி. காதை ஒட்டிவைத்துக் கேட்க வேண்டும். லொறியைப் பற்றிச் சொன்னேன், சிரித்தான். பிறகு கேட்டான்:

“அந்த டேப்பு இருக்காடா? நான் அந்தக் கொரல்ல இருக்குறது?”

முப்பது வருஷமாகச் செய்தி எழுதுகிறேன். உறுதிப்படுத்தாத ஒரு வரியை இதுவரை அனுப்பியதில்லை. கசெட் என் மடியில்தான் இருந்தது.

“இருக்குடா,” என்றேன். “நல்லா கேக்குது.”