கிம்பாவுக்கு மேலே

லிண்ட்சே நான்கிவெல் கறுப்புத் தோல் ஷூவின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருக்கிறார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆஸ்திரேலியாவின் தென்கரையில் இருக்கும் வையாலாவில் இந்தக் கோடை மாதத்தில் கடைத்தெருவுக்கே எல்லோரும் ரப்பர் செருப்போடுதான் போவார்கள். லிண்ட்சே கடைத்தெருவுக்குக்கூடப் போகவில்லை. கூடத்திலிருந்து பின்னறைக்குப் போகிறார், அவ்வளவுதான். அங்கே மேசைமேல் கம்ப்யூட்டர் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் விமானம் இருக்கிறது. "செருப்ப மாட்டிக்கிட்டு எவனாவது ப்ளேன் ஓட்டுவானா?" என்பார். அந்தப் பெட்டிக்கு வெளியே அவர் எந்த விமானத்திலும் கால் வைத்ததில்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சொன்னால் ஷூவைத் துடைத்துக்கொண்டே முறைப்பார்.

காலமெல்லாம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவர். எழுபதைத் தாண்டியும் கை இரண்டும் எதையாவது பிடித்துத் திருப்பப் பார்க்கும். சாப்பிட உட்கார்ந்தால் தட்டை இரு கையாலும் பிடித்து ஸ்டீயரிங்போல இடப்பக்கம் லேசாக ஒடிப்பார். இன்னொருவர் ஓட்டும் வண்டியில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மகள் டான்யாவின் கல்யாணத்தன்று வாடகைக்கு வந்த அலங்காரக் காரின் ஓட்டுநரை நகர்ந்து உட்காரச் சொல்லிவிட்டு, கோட்டும் சூட்டுமாகத் தானே ஓட்டிக்கொண்டு போனவர். மணப்பெண்ணின் அப்பா எங்கே என்று தேவாலய வாசலில் தேடினார்கள். அவர் வண்டியைப் பின்னால் எடுத்து ஒழுங்காக நிறுத்திக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெறும்போது மற்றவர்கள் கைக்கடிகாரம் வாங்கிக்கொண்டு போவார்கள். லிண்ட்சே, பின்வரிசையைப் பார்க்க உதவும் பஸ்ஸின் உள்கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது அது கம்ப்யூட்டர் திரைக்கு மேலே சுவரில் தொங்குகிறது. இஞ்சினை எழுப்புவதற்கு முன் ஒற்றை விரலால் அதைச் சரிசெய்துகொள்வார். "ஓட்டுறவன்தான் கண்ணாடியத் தொடணும்" என்பது அந்த வீட்டுச் சட்டம். ஒருமுறை காரில் போகும்போது அவர் மனைவி க்ளெனிஸ் உதட்டுச்சாயம் பூசிக்கொள்ளக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிவிட்டார். போர்ட் அகஸ்டா போய்ச் சேரும்வரை முணுமுணுப்பு ஓயவில்லை.

சுவர்க் கண்ணாடியில் தெரிவதும் க்ளெனிஸ்தான். பின்னால் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து கம்பளிநூல் பின்னிக்கொண்டிருப்பார். அந்த அறையில்தான் நல்ல வெளிச்சம் என்று சொல்லி ஆரம்பத்தில் வந்து உட்கார்ந்தவர், நாளடைவில் பயணியாகிவிட்டார். "பெல்ட்டப் போட்டுக்கங்க, கெளம்பப் போறோம்" என்பார் லிண்ட்சே, திரும்பிப் பார்க்காமலே. க்ளெனிஸ் நூல்கண்டை மடியில் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

விளையாட்டு என்று சொன்னால் லிண்ட்சேவுக்குப் பிடிக்காது. ஃப்ளாப்பி என்னும் நெகிழ்வட்டுகள் இருந்த காலத்தில் வந்த விமான ஓட்டப் பயிற்சி நிரல் அது. கடல் என்றால் ஒரு நீலப் பட்டை. மலை என்றால் மடித்துவைத்த பழுப்புக் காகிதம். வையாலாவுக்கு வந்தால் நாலு சாம்பல் பெட்டியும் ஒரு கோடும். "அதோ பாரு, இரும்பாலை" என்பார். க்ளெனிஸ் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிப் பார்த்து, "ஆமா, நம்ம வீட்டுல துணி காயிது" என்பார்.

அந்த விமானத்தில் லிண்ட்சே ஆஸ்திரேலியாவைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஊர் ஊராக இறங்கி ஏறி, ஒரு மணி நேரப் பயணம் என்றால் ஒரு மணி நேரமும் உட்கார்ந்து. வேகமாக ஓட்டிவிட வழி இருந்தது, அதைத் தொடமாட்டார். டார்வினில் புயல் என்று வானொலியில் சொன்னார்கள் என்பதற்காக இரண்டு வாரம் விமானத்தை வெளியே எடுக்காதவர். வருஷக்கணக்கில் ஓடிக் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டார். செடுனாவிலிருந்து கிளம்பி வையாலாவில் இறங்கினால் சுற்று முடிந்தது. கிம்பாவுக்கு மேலே வரும்போது தேநீர் நேரம். கிம்பாவில் சாலையோரம் நிற்கும் பெரிய கிளிச் சிலை அந்த நிரலில் கிடையாது. இருந்தும், "கீழ கிளி வந்தாச்சு, டீ போடு" என்றார். பயணத்தை அந்த இடத்திலேயே நிறுத்தி வட்டில் பதிந்துவிட்டு எழுந்து போனார். பிஸ்கட்டோடு திரும்பி வந்தபோது பழைய கம்ப்யூட்டரிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. அதோடு சரி.

பிப்ரவரியில் நடந்தது இது. அதற்குப் பிறகு யார் விசாரித்தாலும் க்ளெனிஸ் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "லிண்ட்சேயா? இன்னும் கிம்பாவுக்கு மேலதான் இருக்காரு."

சிரித்துக்கொண்டு சொன்னாலும் க்ளெனிஸுக்கு உள்ளூர எரிச்சல்தான். டான்யா இருப்பது கடல் தாண்டி, ஹோபார்ட்டில். வெகுகாலம் கழித்து அவளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. முன்பெல்லாம் லிண்ட்சே மெல்பர்ன்வரை காரிலேயே போய் அங்கிருந்து கப்பலில் காரை ஏற்றுவார்; கப்பலிலும் அறையில் தங்காமல், மாலுமிக்குத் துணை வேண்டுமே என்பதுபோல முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போவார். போன வருஷம் தலைசுற்றிக் காய்கறிக் கடையில் விழுந்தபிறகு, ஊருக்குள் மட்டும்தான் ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். இனி பேத்தியைப் பார்க்க விமானம்தான் வழி. நிஜ விமானம். "மொதல்ல இதத் தரை எறக்கிடுறேன், அப்பறம் போலாம்" என்று லிண்ட்சே வாக்குக் கொடுத்திருந்தார். அவர் இறங்கவும் இல்லை. பேத்தி குப்புற விழ ஆரம்பித்துவிட்டாள்.

க்ளெனிஸ் பார்த்தார். கணவரைக் கேட்காமலே கடைக்குப் போய், இருப்பதிலேயே வேகமான கம்ப்யூட்டர் எது என்று கேட்டு வாங்கி வந்து மேசைமேல் வைத்தார். "எறங்கு" என்றார்.

அடுத்த தெரு ஹென்க் உதவிக்கு வந்தார். கப்பல் கட்டும் தளத்தில் மின்வேலை பார்த்த டச்சுக்காரர். அவருக்கும் இதே பித்து, ஆனால் புதுப் பித்து. "ஏம்பா இந்தப் பழைய குப்பையோட மாரடிக்கிற? புதுசு போட்டுத் தரேன். மேகம் நெஜ மேகம் மாதிரியே இருக்கும். மழ பெஞ்சா கண்ணாடியில வழியும்."

"எனக்கு எதுக்கு மழ? என் ப்ளேன் அதுல இல்லையே, ஹென்க்."

"ப்ளேன் ஆயிரம் இருக்கு."

"கிம்பாவுக்கு மேல நிக்கிறது இருக்கா?"

ஹென்க் பழைய வட்டுக்கே வழி தேடினார். புது கம்ப்யூட்டரில் வட்டுப் போட வாய் இல்லை. அதற்குத் தனியாக ஒரு பெட்டி வாங்கினார்கள். விமானத்தைத் திருப்பும் பழைய கைப்பிடியின் பட்டைச் செருகி எந்த ஓட்டையிலும் நுழையவில்லை. அதற்கு ஒரு இணைப்பு அடிலெய்டிலிருந்து வந்தது. கைப்பிடி தளர்ந்துபோய் ஒருபக்கமாகச் சாய்ந்தே நின்றதால், கீரைக்கட்டு ரப்பர் பேண்டைப் போட்டு நிமிர்த்தினார்கள். கடைசியாக, புது இயந்திரத்தைப் பழைய இயந்திரம்போல நடிக்கவைக்கும் ஒரு நிரலை ஹென்க் எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டார்.

விமானம் விட்ட இடத்திலேயே உயிர்பெற்றது. லிண்ட்சே கைப்பிடியைத் தொடுவதற்குள் கிம்பா போயிற்று, வையாலா போயிற்று, வளைகுடா போயிற்று, எங்கேயோ தரையில் குத்தித் திரை கறுத்துப்போயிற்று. மறுபடி முயன்றார். மறுபடியும் அதே கதி. பழைய நிரல் தன் காலத்தை இயந்திரத்தின் வேகத்தை வைத்தே கணக்குப் போட்டது. இயந்திரமோ புலிப் பாய்ச்சல் பாய்ந்தது. க்ளெனிஸ் தேநீர்க் கோப்பையை ஊதிக்கொண்டே, "இது ஆறுறதுக்குள்ள எத்தன தடவ சாவ? கூட நானும்ல சாவுறேன்" என்றார்.

இரண்டு பொத்தான்கள் இருப்பதை ஹென்க் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஒன்றை அழுத்தினால் இயந்திரத்தின் வேகம் குறையும். இன்னொன்றை அழுத்தினால் கூடும். "சரியா ஒரு எடத்துல நிப்பாட்டிக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். லிண்ட்சே குறைத்தார். இன்னும் குறைத்தார். விமானம் சாதுவாகப் பறக்கத் தொடங்கியது. கண்ணாடியைச் சரிசெய்து, பெல்ட் போடச் சொல்லி, தினமும் மத்தியானம் ஷூவோடு உட்கார்ந்து ஓட்டினார். தேநீர் நேரத்தில் நிறுத்திப் பதிந்துவிட்டு எழுந்தார்.

ஒரு வாரம் போயிற்று. க்ளெனிஸ் இரண்டாவது குழந்தைச் சட்டையையும் முடித்துவிட்டார்.

"இப்ப எங்க இருக்கோம்?"

"கிம்பா தாண்டிட்டோம். எதிர்க்காத்து, க்ளென். என்ன பண்ணச் சொல்ற?"

அடுத்த வாரமும் எதிர்க்காற்று. க்ளெனிஸ் பின்வேலிக்கு இந்தப் பக்கமிருந்து ஹென்க்கிடம் கேட்டார்: "கிம்பாவுல இருந்து இங்க வர எவ்வளவு நேரம் ஆவும்?"

"என்ன காத்தா இருந்தாலும் ஒரு மணி நேரத்துல வந்துடலாம்" என்றார் ஹென்க்.

மறுநாள் க்ளெனிஸ் பின்னறைக்கு வரும்போது கையில் பின்னல் இல்லை. சமையலறையில் முட்டை வேகும் நேரத்துக்குத் திருகி வைக்கும் மணி இருந்தது. அதைத் திருகித் திரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, விமானத்தின் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். லிண்ட்சே தொண்டையைச் செருமினார். சமையலறை மணி கணகணவென்று அடித்து ஓய்ந்தது. விமானத்துக் கடிகாரத்தில் முள் ஒரு நிமிஷத்தைக்கூடத் தாண்டவில்லை.

"முட்ட வெந்து ஆறியும் போச்சு, கேப்டன். உன் எதிர்க்காத்து இந்தப் பொத்தான்லதான அடிக்குது?"

லிண்ட்சே கைப்பிடியை விடவில்லை. திரும்பவும் இல்லை. பஸ்ஸில் பின்வரிசைப் பிள்ளைகளிடம் பேசுவதுபோலக் கண்ணாடியைப் பார்த்தே பேசினார். "பயமா இருக்கு, க்ளென்."

"விழுந்துடும்னா?"

"விழுறதப் பத்தி இல்ல. நெஜ ப்ளேன்ல பின்னாடி உக்காரணும்ல. எவனோ ஓட்டுவான், மூஞ்சிகூடத் தெரியாது. கதவச் சாத்திக்குவான். அவன் முழிச்சிருக்கானா தூங்குறானான்னு நான் எப்படிப் பாக்குறது?"

க்ளெனிஸுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷர் வாயிலிருந்து பயம் என்ற சொல் வந்து கேட்டதில்லை. பாவமாக இருந்தது. பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"நீ முழிச்சிருக்கியான்னு நான் எப்படிப் பாத்தேன்?"

"நான் எப்பவும் முழிச்சுதான் இருந்தேன்."

"அது உனக்குத் தெரியும். இங்க உக்காந்தவளுக்கு உன் பொடனி மட்டும்தான் தெரிஞ்சுது. கார்லயும் சரி, இங்கயும் சரி. அத நம்பித்தான இத்தன காலமும் பின்னிக்கிட்டு வந்தேன்."

விமானம் இருந்த இடத்திலேயே நகர்வதுபோல நகர்ந்துகொண்டிருந்தது. பிறகு லிண்ட்சேயின் கை பொத்தானுக்குப் போயிற்று. சமையலறை மணியை மறுபடி திருகி வைத்தார். இரண்டு முள்ளும் ஒன்றாக நடக்கும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே வந்தார். பழுப்புக் காகிதங்கள் ஒழுங்காகப் பின்னால் போக ஆரம்பித்தன. தேநீர் நேரம் வந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

நாலு சாம்பல் பெட்டிகள் தெரிந்தன. "பெல்ட்டப் போட்டுக்கங்க" என்றார் லிண்ட்சே. விமானம் கோட்டின் மேல் விழுந்து எகிறி, மறுபடி விழுந்து எகிறி, ஒருவழியாக நின்றது.

"என் இடுப்பு" என்றார் க்ளெனிஸ்.

"கொழந்தைங்களா, பாத்து எறங்குங்க" என்று சொல்லி இஞ்சினை அணைத்தார் லிண்ட்சே.

டான்யாவிடம் தொலைபேசியில் க்ளெனிஸ் சொன்னது இரண்டே சொல்: "எறங்கிட்டாரு, வர்றோம்." லிண்ட்சே வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பயணச்சீட்டு வந்தபோது அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஷூவுக்குப் பாலீஷ் தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.

கிளம்பும் நாள் காலையில் க்ளெனிஸ் பெட்டிகளைக் காரில் ஏற்றிவிட்டு, வழக்கம்போல இடப்பக்கக் கதவருகே போய் நின்றார். விமான நிலையம் ஊருக்குள்தான். டாக்டர் எழுதிக் கொடுத்தபடி பார்த்தாலும் லிண்ட்சே ஓட்டலாம். வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்த லிண்ட்சே, பளபளக்கும் கறுப்பு ஷூவோடு காரைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார். சாவியை க்ளெனிஸின் கையில் வைத்தார். கதவைத் திறந்து, குனிந்து, இடப்பக்க இருக்கையில் ஏறிக்கொண்டார். பெல்ட்டை இழுத்து மாட்டிக் கையால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். க்ளெனிஸ் வலப்பக்கம் வந்து உட்காரும்வரை காத்திருந்துவிட்டு, மேலே கையை நீட்டி, உள்கண்ணாடியை க்ளெனிஸின் முகத்துக்கு நேராகத் திருப்பிவைத்தார்.