கொண்டையும் காதும்

பிள்ளைகளே, உங்களை எல்லாம் பிறந்த தேதி கேட்டுப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். நாற்பதுகளில் எங்கள் தேனாம்பேட்டைத் தெருவில் யாருக்கும் பிறந்த தேதி தெரியாது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் பள்ளிக்கூடம், எட்டாவிட்டால் அடுத்த வருஷம். காதுக்கு எப்படி வயது தெரியும் என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

என் அக்காவுக்கு அடுத்த வருஷம் என்பது கிடையாது. அம்மா அபிராமபுரத்தில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். இடம் கிடைக்காவிட்டால் அக்காவை அதே வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ள விடுவது என்று அப்பா சொல்லியிருந்தார். வேலைக்குப் போன பெண் பள்ளிக்குத் திரும்பியதை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை.

அக்கா ஒல்லிக்குச்சி. ஒரு வாரம் வீட்டில் பழகினாள். கடைசி நாள் விரல் காதைத் தொட்டுவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அம்மா மறுநாள் காலை அவளுக்கு உச்சியில் கொண்டை போட்டு, தாழம்பூ செருகி, கனகாம்பரமும் சுற்றினாள். நல்ல காரியத்துக்கு வெறுந்தலையோடா போவது?

நானும் அவர்களோடு போனேன். பள்ளியில் வாத்தியார் தொடச் சொன்னார். அக்காவின் கை கொண்டைமேல் ஏறி நின்றுவிட்டது.

"எட்டலையேம்மா. அடுத்த வருஷம் பார்ப்போம்."

"இன்னா சார், நேத்து தொட்டுச்சு சார்!"

"நேத்து நான் பார்க்கலையே."

பின்னால் பிள்ளையோடு நின்ற ஒருத்தி சிரித்தாள். "கண்ணாலத்துக்கு வந்துகீது பாரு பொண்ணு!"

அம்மா திரும்பவேயில்லை. "இரு சார்" என்று சொல்லி, அங்கேயே கொண்டையை அவிழ்த்தாள்.

"ஐயோ, என் பூவு!"

"பூவு நாளைக்கும் பூக்கும். சும்மா இருமே!"

தலைவிரிகோலமாக நின்று அக்கா கையை வளைத்தாள். நடுவிரல் காது மடலைப் பிடித்துக்கொண்டது.

வாத்தியார் குனிந்து பார்த்துவிட்டுப் பதிவேட்டில் எழுதினார். "தலையைப் பின்னி நாளைக்கு அனுப்பு."

"இல்ல சார், இப்பவே குந்தட்டும்" என்றாள் அம்மா. வீட்டுக்குப் போனால் அப்பா மனசு எப்படித் திரும்புமோ என்ற பயம் அவளுக்கு.

படிப்பு ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமை என்று உங்களிடம் சொல்கிறேன். அப்போது அதை எங்களிடம் யாரும் சொன்னதில்லை.

அக்கா உட்காரப் போகவில்லை. மேசையை எட்டிப் பார்த்து, "இதுல என் பேரு எது சார்?" என்றாள். அவர் காட்டினார். அவள் விரலை வைத்தாள். மை காயவில்லை, எழுத்து இழுபட்டுவிட்டது. வாத்தியார் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அதை அடித்துவிட்டுப் பக்கத்திலேயே மறுபடி எழுதினார், அவள் பார்க்கும்படி மெதுவாக.