ஒரு முகத்துக்கு மூன்று விநாடி

"தங்கச்சி, நீர் அனுப்பியிருக்கிறது கலாசார நிகழ்ச்சி இல்லை. கலியாண வீட்டு வீடியோ."

ஐரோப்பாவிலிருந்து ஒரு தமிழ்த் தொலைக்காட்சியின் இயக்குநர் தொலைபேசியில் சொன்ன வார்த்தை இது. அதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை. நான் கலியாண வீட்டு வீடியோ எடுக்கிறவள். தொண்ணூறுகளில் ரொறொன்ரோவில் கமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாகத் திரிந்த தமிழ்ப் பெண் வேறு யாரும் இருந்தார்களோ தெரியாது, நான் கண்டதில்லை. "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் உந்த வேலை?" என்று கேட்டவர்களே மணப்பெண் அலங்காரம் எடுக்க வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அந்த வேலையை ஒருவர் வசைச்சொல்லாக்கி என் காதுக்குள் போட்டால் நான் என்ன, "நன்றி அண்ணை" என்றா சொல்வேன்?

முதலில் அந்தத் தொலைக்காட்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். தொண்ணூறுகளின் கடைசியில், யுத்தத்தால் சிதறிப்போன எங்கள் ஆட்கள் சிலர் சேர்ந்து ஐரோப்பாவில் செய்மதி வழியாக ஒரு தமிழ்க் கலாசாரத் தொலைக்காட்சி நடத்தினார்கள். லண்டனில் இருப்பவரும், நோர்வேயில் இருப்பவரும், சுவிஸ் மலைக் கிராமத்து உணவகத்தில் கோப்பை கழுவுபவரும் ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியைப் பார்த்தார்கள். பல்கனியில் ஒரு டிஷ் பூட்டினால் போதும். பெரிய காரியம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதில் மாதம் ஒருமுறை, சனிக்கிழமை, அரை மணி நேரம் கனடாவுக்கு ஒதுக்கியிருந்தார்கள். யாரோ என் பெயரைக் கொடுத்தார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொலைக்காட்சி கனடாவில் தெரியாது. நான் படம் எடுப்பேன். வெக்ஸ்போர்டில் இருந்த எங்கள் அப்பார்ட்மென்ட்டில் இரண்டு வீடியோ டெக்குகளை வைத்து வெட்டித் தொகுப்பேன். எங்கள் வீடியோக் கசற் அங்குள்ள ரிவிகளில் ஓடாது என்பதால், பக்கத்துப் பிளாசாவில் வீடியோக் கடை வைத்திருந்தவரிடம் கொடுத்து அவர்களுடைய முறைக்கு மாற்றுவேன். பிறகு கூரியரில் போட்டால் என் பங்கு முடிந்தது. என் நிகழ்ச்சி ஒளிபரப்பானதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. சமைத்துவிட்டு உப்புப் பார்க்காமல் பரிமாறுவது மாதிரி. நன்றாக இருந்ததா இல்லையா என்று தெரிய வேண்டுமென்றால் அங்கிருந்து யாராவது போன் எடுக்க வேண்டும்.

எனக்கு எடுப்பவள் அக்கா. அவள் ஜேர்மனியில் ஓர் அகதி விடுதியில் இருந்தாள். வழக்கு இழுபட்டுக்கொண்டே போனது. அவளுக்குக் கொடுத்திருந்த தாளில் அந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று எழுதியிருந்தது. அம்மா என்னோடு கனடாவில். அம்மாவை அங்கே அனுப்பலாமென்று விசாவுக்குப் போட்டோம், மறுத்துவிட்டார்கள். இருவரும் பிரிந்து பதினொரு வருடம். அவ்வளவு காலமும் குரல் மட்டும்தான்.

படமாவது அனுப்பலாம்தானே என்று நீங்கள் கேட்கலாம். அம்மா விடவில்லை. கனடாவுக்கு வந்த பிறகு அவருக்குச் சலரோகம் என்கிற நீரிழிவு வந்தது. ஆள் பாதியாகிவிட்டார். தலை முழுக்க வெளுத்துப்போனது, கன்னம் இரண்டும் உள்ளே போய்விட்டது. அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. போனில் "நான் நல்ல சுகம் பிள்ளை" என்பார். "உடம்பு கொஞ்சம் தேறட்டும், பிறகு படம் அனுப்புவம்" என்று என் வாயையும் அடைத்து வைத்திருந்தார். அக்காவிடம் இருந்தது அவள் புறப்படுவதற்கு முன் எடுத்த படம்தான். அதில் அம்மாவுக்கு நிறைந்த கறுப்புத் தலையும் உருண்ட முகமும்.

இனி என் தொழில் முறையைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். எங்கள் சனத்தின் கலியாண வீடியோவில் தாலி கட்டுவதை விட முக்கியமான ஒன்று உண்டு. வந்திருப்பவர்கள் எல்லாரையும் காட்ட வேண்டும். வரிசை வரிசையாகக் கமராவை மெல்ல நகர்த்த வேண்டும். கமரா வந்ததும் ஆட்கள் சாப்பிடுவதை நிறுத்தி, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு, நீதிமன்றத்தில் நிற்பவர்களைப் போலப் பார்ப்பார்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். ஒரு முகத்துக்கு மூன்று விநாடி என்பது என் கணக்கு. அதற்குக் குறைந்தால் ஆளைப் பிடிக்க முடியாது, கூடினால் அடுத்த கதிரையில் இருக்கிறவருக்கு முகம் சுருங்கும். ஒருவரைத் தவறவிட்டால் தொலைந்தேன். மோர்னிங்சைட்டில் ஓர் அன்ரி, பெண் பெரியவளான ஒரு சாமத்திய வீட்டில் தன்னை விட்டுவிட்டு எடுத்தேன் என்று இரண்டு வருடம் என்னோடு கதைக்கவில்லை. அது வீண் பெருமை இல்லை. அந்தக் கசற்றின் கொப்பி பிரான்சுக்கும் டென்மார்க்குக்கும் போகும். அங்கே ஒரு வீட்டில் நாலு பேர் கூடியிருந்து, "இஞ்ச பார், இவன் உயிரோட இருக்கிறான்" என்பார்கள். அதற்குத்தான் அந்த மூன்று விநாடி.

அந்தக் கோடையில் அம்மா என்னிடம் கேட்டார்.

"நீ உந்த ரிவிக்கு எடுக்கிறதில என்னையும் ஒருக்கால் காட்டன்."

"படம் அனுப்ப விடமாட்டியள். ரிவி மட்டும் சரியோ?"

"படமெண்டால் கையில வைச்சு வைச்சுப் பாத்து அழுவாள். நீ மூண்டு செக்கன்தானே காட்டுவாய். அதுக்குள்ள என்ன தெரியப்போகுது? அம்மா இருக்கிறா எண்டு கண்டால் போதும்."

மோர்னிங்சைட் பூங்காவில் ஒரு பழைய மாணவர் சங்கத்தின் கோடை ஒன்றுகூடல் நடந்தது. கரண்டியில் எலுமிச்சை வைத்து ஓடும் தேசிக்காய் ஓட்டம், கயிறு இழுத்தல், பெரிய சட்டியில் கூழ். பல நூறு பேர். அம்மா பச்சைச் சேலை உடுத்தி, மேப்பிள் மரத்தின் கீழ் கடைசிக் கதிரையில் கூழ்க் கோப்பையோடு இருந்தார். எல்லாரையும் போல அவருக்கும் மூன்று விநாடி கொடுத்தேன். என் அம்மா என்று ஒரு விநாடி கூட்டவில்லை. கூட்டினால் ஊர் கதைக்கும், எனக்கும் என் தொழிலில் ஒரு திமிர்.

ஓட்டமும் கூழும் போக, எட்டு நிமிடம் முகங்கள் மட்டும் வைத்து அனுப்பினேன். அதற்குத்தான் இயக்குநர் போன் எடுத்துக் கலியாண வீட்டு வீடியோ என்றார்.

"சும்மா இருக்கிற சனத்தின்ர மூஞ்சையை எட்டு நிமிசம் ஆர் பாக்கிறது? நாங்கள் ஐரோப்பாத் தமிழரைக் கலையால ஒண்டாக்கிறம். ஒரு பரதநாட்டியத்தை எடுத்து அனுப்பும். இதை நான் போடமாட்டன்."

"அண்ணை, அந்த மூஞ்சையளைத்தான் அங்க பாக்கக் காத்திருக்கினம்."

"தொலைக்காட்சி என்னெண்டு எனக்குச் சொல்லித் தராதையும். வெள்ளிக்கிழமைக்குள்ள நடனம் வரவேணும்."

"அனுப்பிறன் அண்ணை," என்றேன். எனக்கே என் குரல் நல்ல பிள்ளையின் குரலாகக் கேட்டது.

அன்று பின்னேரமே இரண்டு டெக்குகளுக்கும் முன்னால் இருந்தேன். தொடக்கத்தில் ஒரு நிமிடம் அரங்கேற்றம் ஒன்றிலிருந்து நடனம் வைத்தேன். அதற்குப் பிறகு ஓட்டம் வேண்டாம், கயிறு வேண்டாம், கூழ் வேண்டாம். பூங்காவில் எடுத்த முகங்கள் எல்லாவற்றையும், ஒன்றையும் வெட்டாமல், இருபத்தொன்பது நிமிடத்துக்கு வரிசையாக விட்டேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் 'பரதநாட்டியம்' என்று எழுதினேன். ஓடவிட்டுப் பார்க்க அவருக்கு நேரம் இருக்கக் கூடாது என்று, வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்கு முன் அவர் கையில் கிடைக்காதபடி கணக்குப் பார்த்துக் கூரியரில் போட்டேன். பொய்தான். களவுதான். இன்றைக்கும் அதற்காக நான் வெட்கப்படவில்லை.

கூரியரில் போட முன் கசற்றை மாற்றித் தந்த கடைக்காரர், நான் 'நானா' என்று அண்ணன் முறையில் கூப்பிடும் கண்டிப் பக்கத்து முஸ்லிம் மனிதர், ஓடவிட்டுப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"தங்கச்சி, டான்ஸ் ஒரு நிமிசத்தில முடிஞ்சிட்டே?"

"மிச்சமும் டான்ஸ்தான், நானா."

அவர் சிரித்துக்கொண்டு, இந்த முறை காசு வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டார்.

சனிக்கிழமை. நிகழ்ச்சி தொடங்கும் நேரம் அங்கே இரவு ஏழு மணி, இங்கே பகல் ஒரு மணி. அம்மா காலையிலேயே குளித்துவிட்டு, யாரோ தன்னைப் பார்க்க வீட்டுக்கே வருவது போலப் போனுக்குப் பக்கத்தில் இருந்தார். ஒன்றரை தாண்டியதும் போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"எடியே, முப்பது நிமிசமும் கண்வெட்டாமல் பாத்தனான்," என்றாள் அக்கா. மூச்சு வாங்கியது. "இஞ்ச விடுதியில எல்லாரும் என்ர அறைக்குள்ளதான். ஒருத்தி தன்ர ரீச்சரைக் கண்டுபிடிச்சிட்டாள். கத்திக் குளறி ஒரே அமளி. ஆனா நீ அம்மாவை ஏன் எடுக்கேல்லை?"

"எடுத்தனான் அக்கா."

"இல்லை. ஊர் முழுக்கக் காட்டினாய், அம்மாவை விட்டிட்டாய். நான் எவ்வளவு ஆசையோட இருந்தனான் தெரியுமே?"

"மேப்பிள் மரத்துக்குக் கீழ, கடைசிக் கதிரை. பச்சைச் சீலை. கையில கூழ்க் கோப்பை."

போனுக்குள் விடுதி ஆட்களின் சிரிப்பு தூரத்தில் கேட்டது.

"அந்த வெள்ளைத் தலையோட இருந்தவவோ?"

"ஓம்."

"அவவைப் பாத்தனான். ஆரோ பாவம், ஒரு வயசு போன மனிசி, தனிய இருக்கிறா எண்டு நினைச்சனான்."

பிறகு அவள் அழத் தொடங்கினாள். நான் பேச்சை மாற்ற வழி தேடினேன். அம்மாவின் கண் என் முகத்திலேயே இருந்தது. அவருக்கு விளங்கிவிட்டது. என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"ஏன் அழுகிறாய்? அம்மாவைத் தெரியேல்லையோ? பதினொரு வருசமடி. எனக்கு மட்டும் வயசு போகாதோ?"

போனை வைத்த பிறகு அம்மா சாப்பிடவில்லை. யன்னலுக்குப் பக்கத்தில் போய் இருந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, அதை விடக் கோபம் வந்தது, அந்த முறை என் மேலேயே. என் தொழிலைச் சிறுமைப்படுத்திய ஒரு மனிதனோடு மல்லுக்கட்டி வென்றுவிட்டேன் என்று குதித்துக்கொண்டிருந்தேன். அம்மா தன் முகத்தைக் கொடுத்துவிட்டு, பெற்ற மகளுக்கே தெரியாத ஆளாகிவிட்டார்.

திங்கட்கிழமை காலை இயக்குநர் போன் எடுத்தார்.

"என்னை ஏமாத்திப் போட்டீர். உம்மை மாதிரி ஒரு ஆளோட இனி எனக்கு வேலையில்லை."

"சரி அண்ணை."

"என்ன சரி? ரெண்டு நாளா எங்கட லைன் பிடிக்கேலாமல் கிடக்கு. சுவிசில ஒருத்தர் தம்பியைக் கண்டிட்டாராம், நோர்வேயில ஒரு பிள்ளை மாமியைக் கண்டிட்டாவாம், நம்பர் கேட்டு உயிரை எடுக்கினம். திரும்பப் போடட்டாம்."

"போடுங்கோ. வெட்டாமல் போடுங்கோ."

"புதன்கிழமை போடுறன். அடுத்த மாசமும் ஒரு அஞ்சு நிமிசம் உப்பிடி வைச்சு அனுப்பும்."

"பத்து நிமிசம். அதோட, கலியாண வீட்டு வீடியோ எண்டு இனி என்னட்டைச் சொல்லக்கூடாது."

அவர் இருமினார். அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மறுஒளிபரப்பை அக்கா கசற்றில் பதிவு செய்து வைத்துக்கொண்டாள். பச்சைச் சேலை வரும் இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாளாம். அம்மா எதற்குப் பயந்து படம் அனுப்பாமல் இருந்தாரோ, அதுவே நடந்தது. அக்கா அதற்குப் பிறகு போனில் சும்மா சுகம் கேட்கவில்லை. மருந்து எடுத்தியளோ, சீனி எவ்வளவு, சாப்பாடு என்ன என்று விசாரணை நடத்தினாள். அம்மாவும் பொய் சொல்வதை நிறுத்திவிட்டார்.

அடுத்த நிகழ்ச்சிக்கு ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் கலைவிழா ஒன்றை எடுக்க நானும் அம்மாவும் போனோம். அதற்கு முந்தின நாள் நான் தலைக்குப் பூசும் கறுப்பு மை ஒரு பெட்டி வாங்கி வந்து குளியலறையில் வைத்திருந்தேன். இந்த முறை அக்கா முதல் பார்வையிலேயே கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தேன். விழா நாளன்று அம்மா புறப்பட்டு அறையிலிருந்து வெளியே வந்தார். தலை பஞ்சாக வெளுத்தே இருந்தது. மைப் பெட்டி பிரிக்காமல் அவர் கையில் இருந்தது.

"உதைக் கொண்டுபோய்க் கடையில குடு," என்றார். "நான் மை பூச, அவள் பழைய அம்மாவையே தேடிக்கொண்டிருக்கவோ? இருக்கிற அம்மாவைக் காட்டு."

மண்டபத்தில் அம்மா கடைசி வரிசைக்குப் போகவில்லை. நேரே வந்து முன்வரிசை நடுவில், நிமிர்ந்து இருந்தார். நான் இடது பக்கத்திலிருந்து கமராவை நகர்த்திக்கொண்டு வந்தேன். அம்மாவின் முகம் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கை பழக்கத்தில் அடுத்த கதிரைக்குப் போகப் பார்த்தது. நான் விடவில்லை. அம்மா கமராவை நேராகப் பார்த்தார், பிறகு வாயைத் திறந்து, பல்லில்லாத இடமெல்லாம் தெரியச் சிரித்தார்.

"பிள்ளை, எங்களையும் எடும்," என்றார் அடுத்த கதிரை அன்ரி.

"கொஞ்சம் பொறுங்கோ அன்ரி, இது என்ர அம்மா," என்று சொல்லிவிட்டு நான் அங்கேயே நின்றேன்.