ஹுன்னஸ்கிரிய ஏற்றத்தில் ஒரு முறைப்பாடு

காரைப் பற்றிய முறைப்பாட்டுக்காகக் காரை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் கண்டிக்குப் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு யாழ்ப்பாணத்தில் ஏறினேன். முந்நூற்றிருபது கிலோமீற்றர், டிக்கெட் ஆயிரத்து நானூறு ரூபாய், ஜன்னலோர இருக்கை. மாத்தளை தாண்டி வீதி வளைந்து ஏறத் தொடங்கியதும் முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் மேடு என்றால் வேகத்தடைதான். அதில் ஏறி இறங்கவே என் கணவர் கியரை மாற்றுவார்.

மகளுக்குப் பேராதனையில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அவளையும் அவளது மூட்டை முடிச்சுகளையும் எங்கள் சின்னக் காரில்தான் கொண்டுபோய் விடுவதாக இருந்தோம். அப்போதுதான் அதே வகைக் கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ரிஸ்னாவின் முறைப்பாட்டைப் படித்தேன். கலகெதரயில் வசிக்கும் கணித ஆசிரியை. மாவத்தகமப் பக்கத்துப் பாடசாலையிலிருந்து வீடு திரும்பும்போது ஏற்றத்து வளைவில் கார் அணைந்து நின்றுவிட்டதாம். பின்னால் மணல் லொறி, உள்ளே அவளுடைய பிள்ளைகள் இரண்டு பேர். ஒரே தவணையில் மூன்று தரம் இப்படி நடந்திருக்கிறது. விற்ற கம்பனி காரைச் சோதித்துவிட்டு எஞ்சினிலும் எரிபொருள் பம்பிலும் குறையில்லை என்றது. காரணம் என்று எழுதிக் கொடுத்தது இரண்டே சொற்கள்: ‘கால் பழக்கம்.’ அதாவது, அவள் பெடலை மிதிக்கும் விதம்தான் பிழையாம்.

வெளிநாடொன்றில் இதே வகைக் கார்களை பம்ப் மாற்றுவதற்காகத் திரும்ப அழைத்திருப்பதாகக் குழுவில் ஒருவர் போட்டிருந்தார். கம்பனியிடம் கேட்டால், அந்த வரிசை எண்கள் வேறு, உங்களுடையவை வேறு என்று பதில் வந்தது. நம்மை யாரும் அழைக்கப் போவதில்லை, நாமே போய்ப் பார்ப்போம் என்றுதான், ஞாயிறன்று காரை மறுபடி சோதிக்கப்போகிறார்கள் என்று ரிஸ்னா சொன்னதும் புறப்பட்டேன்.

கண்டியில் பஸ் மாறி, கட்டுகஸ்தோட்டை வழியாகக் கலகெதரயில் இறங்கும்போது மாலை நான்கு மணி. ரிஸ்னாவின் கணவர் நவாஸ் தன் ஹாட்வெயர் கடை வாசலில் நின்று கை காட்டினார். வீட்டில் இடியப்பமும் கோழிக்கறியும் இனிப்புக்கு வட்டிலப்பமும் காத்திருந்தன. கார் போர்ட்டிகோவில் பளபளவென்று நின்றது. என்னுடையதின் இரட்டைப் பிள்ளை, நிறம்தான் வேறு.

ரிஸ்னா அதைத் தொட்டு நான்கு மாதமாகிறது. கம்பனியின் கடிதம் வந்த அன்று கொஞ்ச நாளைக்கு ஓட்டாமல் இருக்கச் சொன்னாராம் நவாஸ். சண்டை போடவில்லை, திட்டவில்லை. அவர் நல்ல மனிதர். சாவியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார், அவ்வளவுதான். அவர் ஓட்டினால் கார் ஒரு நாளும் நின்றதில்லை. அன்றிலிருந்து இவள் பாடசாலைக்கு பஸ்ஸில் போகிறாள், பிள்ளைகள் பாடசாலை வேனில்.

“பிழ என்ட கால்லதான்னு நானே நம்பத் தொடங்கிட்டேன் அக்கா,” என்றாள் பாத்திரம் கழுவியபடி. “நடக்கக்கொள்ள கூட என்ட காலப் பாத்துப் பாத்து நடக்கிறேன்.”

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் புறப்பட்டோம். கலகெதர ஏற்றத்தில் கம்பனி மெக்கானிக் ஏற்கெனவே இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை. அதனால் இந்தத் தடவை நீண்ட ஏற்றம் வேண்டும் என்று ஹுன்னஸ்கிரியவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வழியில் நவாஸ் பெற்றோல் ஷெட்டுக்குள் காரைத் திருப்பித் தாங்கியை நிரப்பினார். ஏற்கெனவே முக்கால்வாசி இருந்தது. கேட்டதற்குச் சிரித்தார். எரிபொருள் வரிசைக் காலத்தில் இதே ஷெட்டில் இரண்டு இரவு காருக்குள் படுத்தவராம். அதற்குப் பிறகு எரிபொருள் முள் பாதிக்குக் கீழே இறங்கினால் அவருக்குத் தூக்கம் வராது. இதில் சிரிக்க எனக்கென்ன தகுதி? எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

கண்டி மஹய்யாவவில் சந்தி முனையில் அந்த மெக்கானிக் சிவகுமார் பையோடு நின்றார். கம்பனியின் சேவை நிலையத்தில் வேலை. ‘கால் பழக்கம்’ என்று எழுதியவரே இவர்தான். ஆனாலும் விடுமுறை நாளில், கம்பனிக்குச் சொல்லாமல், மூன்றாவது தடவையாக வந்திருந்தார். அதனால் அவரை வெறுக்கவும் முடியவில்லை. “வாங்க, போறோம்” என்று நாங்கள்தான் அவருடைய காரில் ஏறுவதுபோல் சொல்லிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். நான் ஆமாம் என்பதற்கு யாழ்ப்பாணத்து ‘ஓம்’ போடும்போதெல்லாம் கண்ணாடியில் பார்த்துப் புன்னகைத்தார்.

கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரிய நாற்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. திகன வரை வீதி சாதுவாக இருக்கிறது. தெல்தெனியவுக்கு அருகில் விக்டோரியா நீர்த்தேக்கம் வலது பக்கம் தோன்றி மறைகிறது. பழைய தெல்தெனிய அந்தத் தண்ணீருக்குள் கிடப்பதாக நவாஸ் சொன்னார். அதற்கப்பால் ஏற்றம். தேயிலையும் பைன் மரங்களும் மூடுபனியும் மாறி மாறி வந்தன. குளிரில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். கார் முனகக்கூட இல்லை. சிவகுமார் வேண்டுமென்றே மெதுவாக்கினார், வளைவில் நிறுத்தி எடுத்தார், திடீரென்று மிதித்தார். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெண் நடந்துகொள்வதுபோல் அது நடந்துகொண்டது. ஒவ்வொரு வளைவு தாண்டும்போதும் ரிஸ்னா என் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே வந்தாள்.

ஒன்பதரைக்கு ஹுன்னஸ்கிரியச் சந்தியில் இறங்கினோம். தேநீர்க் கடையில் பால் சேர்க்காத பிளேன்டீ ஐம்பது ரூபாய், உளுந்து வடை எண்பது. சிவகுமார் கோப்பையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்துவிட்டுப் பேசினார். “டீச்சர், கோவிச்சுக்காதீங்க. வண்டில ஒன்னும் இல்லீங்க. நா மூனு தரம் ஓட்டிப் பாத்துட்டேன்.”

ரிஸ்னா தலையாட்டினாள். பேச்சை மாற்றுவதற்காக நவாஸ் கடைக்காரரிடம், இந்தப் பக்கத்தில் பெற்றோல் தட்டுப்பாடு வந்தால் என்ன செய்வீர்கள் என்று விசாரித்தார். தான் எங்கே போனாலும் தாங்கியை நிரப்பாமல் போவதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அதைக் கேட்டதும் ரிஸ்னா வடையைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“நீங்க ஓட்டக்கொள்ள எப்பயும் ஃபுல் டேங்க்,” என்றாள் கணவரிடம். “கம்பனிக்குக் கொண்டு போகக்கொள்ளயும் ஃபுல். நான் சம்பளத்துக்கு முந்தின கெழம ஆயிரம் ரூபாக்குத்தான் அடிக்கிறது. கார் நின்ட மூனு தரமும் முள்ளு கீழ இருந்திச்சு.” பிறகு சிவகுமார் பக்கம் திரும்பினாள். “எனக்கும் இவங்களுக்கும் ரெண்டு வித்தியாசம் ஈக்கி. ஒண்டு கால், மத்தது டேங்க். நீங்க காலை மட்டும்தான் பாத்தீங்க.”

வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற குரல் அது. கடைக்காரர்கூட நிமிர்ந்து பார்த்தார். சிவகுமார் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பையைத் திறந்தார்.

அடுத்த ஒரு மணி நேரத்தை நவாஸ் வாழ்நாளில் மறக்கமாட்டார். பின்னிருக்கையைத் தூக்கி, பம்ப் குழாயைக் கழற்றி, சிவகுமார் பெற்றோலைப் பிளாஸ்டிக் கான்களில் இறக்கத் தொடங்கினார். அருகே நின்ற முச்சக்கரவண்டிக்காரர்கள் சிகரெட்டைத் தூரப்போய் அணைத்துவிட்டு வெற்றுக் கான்களோடு வரிசையில் நின்றார்கள். விற்பதா, சும்மா கொடுப்பதா என்று நவாஸ் கொஞ்ச நேரம் தவித்தார். கடைசியில் சும்மா கொடுத்தார், ஆனால் ஒவ்வொரு கானும் நிரம்பும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். முள் கால்வாசிக்குக் கீழே வந்ததும் அவரால் அதைப் பார்க்கவே முடியவில்லை.

மறுபடி தெல்தெனிய வரை இறங்கி, அங்கேயே காரைத் திருப்பி ஏறத் தொடங்கினோம். சிவகுமார்தான் ஓட்டினார். பாதி ஏற்றத்தில், செங்குத்தான ஒரு வளைவில், கார் ஒரு தரம் இருமியது. அடுத்த கணம் எஞ்சின் சத்தமே இல்லை. ஸ்டியரிங் இறுகிப்போயிற்று. பின்னால் வந்த மஹியங்கனை பஸ் ஹோர்ன் அடித்தபடி எங்களை உரசுவதுபோல் கடந்து போனது. சிவகுமார் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, பிரேக்கை அழுத்தியபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். கழுத்தில் வியர்வை. பிள்ளைகளோடு இவள் எப்படித் தனியாக உட்கார்ந்திருந்தாள் என்பதுதான் என் மனதில் ஓடியது.

காரைப் பின்னால் உருளவிட்டு ஓரமாக்கியதும் சிவகுமார் இறங்கி நின்றார். ஏற்றத்தில் பெற்றோல் பின்பக்கம் ஒதுங்கிவிடுகிறது, பம்ப் வெறும் காற்றை இழுக்கிறது, தாங்கிக்குள்ளேயே பிழை இருக்க வேண்டும் என்று எங்களுக்கு விளக்கினார். பிறகு ரிஸ்னா இருந்த பக்கத்து ஜன்னலுக்கு வந்தார்.

“டீச்சர், அத எழுதுனது நாந்தான். நாளைக்கு நானே மாத்தி எழுதிக் குடுக்கிறேன். கம்பனி பம்ப மாத்தித் தருமான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா ஒங்க கால்ல பிழ இல்லீங்க.”

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நவாஸ் முன்னிருக்கையில் திரும்பிப் பார்க்காமல் இருந்தார்; அவருடைய காதுகள் சிவந்திருந்தன. நானும் அழுதேன், எனக்கு எப்போதுமே கூட அழும் குணம்.

கீழ்நோக்கித் திருப்பியதும் கார் ஒழுங்காகக் கிளம்பியது. வரும் வழியில் தெல்தெனியவில் தாங்கியை நிரப்பிக்கொண்டு வீடு சேர்ந்தோம். காரில் இருந்த பிழை காரிலேயே இருக்கிறது. சிவகுமாரின் அறிக்கை கொழும்புக்குப் போகும், அங்கிருந்து எங்கே போகுமோ தெரியாது. எங்கள் வீட்டில் நிற்கும் இரட்டைப் பிள்ளையை நினைத்துக்கொண்டேன். இத்தனை வருடம் அது நிற்காததற்குக் காரணம் அது நல்ல கார் என்பதல்ல, ஊர் தட்டையாக இருப்பதும் நாங்கள் தாங்கியைக் காயவிடாததும்தான். அன்றிரவே கணவருக்குத் தொலைபேசி எடுத்து, மகளை பஸ்ஸில்தான் கூட்டிப்போகிறோம் என்றேன். அவர் ஏன் என்று கேட்டார். வந்து சொல்கிறேன் என்றேன்.

திங்கள் காலை ஆறரைக்கு நானும் ரிஸ்னாவும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். அவள் பாடசாலைக்கு, நான் குருநாகல் போய் யாழ்ப்பாணத்துக்கு. கலகெதர வளைவுகளில் பஸ் இறங்கும்போது அன்று தன் கார் நின்ற இடத்தைக் காட்டினாள். இன்றைக்காவது காரில் போயிருக்கலாமே, தாங்கி நிறையத்தானே இருக்கிறது என்றேன்.

“பம்ப மாத்தும் வரைக்கும் அதுல பிள்ளைகள ஏத்த மாட்டேன் அக்கா. பஸ்லதான் போவேன்.” கைப்பையைத் திறந்து உள்ளே பார்க்கச் சொன்னாள். சிவப்புப் பேனைகளுக்கும் சோக்குப் பெட்டிக்கும் நடுவில் கார்ச் சாவி கிடந்தது. “காலைல இவங்களே அலுமாரியத் திறந்து தந்தாங்க. இனி இது என்ட பேக்ல ஈக்கட்டும். ஓட்டுறதா இல்லையான்னு நான் முடிவு பண்றேன்.”

பாடசாலை வாசலில் பஸ் நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் மளமளவென்று படிகளில் இறங்கிப் போனாள். தன் கால்களை ஒரு தரம்கூடக் குனிந்து பார்க்கவில்லை.