அண்ணி சரி என்று சொல்லவில்லை

என் அண்ணி குள்ளம். ஆனால் அவள் தைத்ததிலேயே பெரிய துணி, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் இன்று தொங்குகிறது.

அவள் தலையணை உறையில் ஆரம்பித்தவள். கல்யாணமாகி வந்ததும் எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மெஷினைப் போட்டாள். பிறகு ஜன்னல் திரைகள், ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கு மறைப்புகள் என்று வேலை பெருகியது. ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்தோம். அண்ணன் வெட்டுவான், அண்ணி தைப்பாள், நான் ஓரம் மடித்துக் கைத்தையல் போடுவேன். நான் அதிகம் பேசமாட்டேன் என்பதால் அண்ணி என்னைப் பூனை என்றே கூப்பிடுவாள்.

அப்போதுதான் நாடக அரங்கத்துக்கு மேடைத்திரை தைத்துத் தரும் ஒப்பந்தம் வந்தது. சிவப்பு வெல்வெட், துணி முழுக்கக் கடன். அரங்கம் எடுக்காவிட்டால் அவ்வளவு பெரிய திரையை வேறு யாரும் சீண்டமாட்டார்கள். கொட்டகையும் கைவிட்டுப் போய்விடும்.

வெல்வெட்டுக்கு மயிர் உண்டு. ஒரு பக்கம் தடவினால் வழுக்கும், மறுபக்கம் தடவினால் தடுக்கும். ஒரு துண்டு தலைகீழானாலும் விளக்கு வெளிச்சத்தில் அது மட்டும் வேறு நிறமாகக் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் மயிர் சாயும் திசை தெரிய அண்ணன் துண்டுகளின் பின்பக்கம் சாக்பீஸால் அம்புக்குறி போடுவான், எப்போதும் தன்னை நோக்கி. கடைசித் துண்டை வெட்டும் நாளில் கூரை ஒழுகியது. மேஜையைச் சுவரோரம் தள்ளினோம். அண்ணன் மேஜைக்கு மறுபக்கம் நின்று வெட்டினான். கை மட்டும் பழைய பழக்கத்தில் தன்னை நோக்கியே அம்பு போட்டது. அம்பை நம்பி அண்ணி அந்தத் துண்டைத் தலைகீழாகத் தைத்துவிட்டாள்.

குறித்த நாளுக்கு முன்பே அரங்கத்து மேனேஜர் திரையை ஒருமுறை மாட்டிக் காட்டச் சொன்னார். விளக்கைப் போட்டதும் ஓரத்துத் துண்டு கறுத்துத் தெரிந்தது.

"என்னம்மா இது, ஒட்டுப் போட்ட பாவாடை மாதிரி?"

"தப்பு எங்களோடதுதான் சார். பிரிச்சுத் திருப்பித் தெச்சிடறோம். நாள் இருக்கே."

"நாளும் வேண்டாம், திரையும் வேண்டாம். ஒப்பந்தம் முடிஞ்சுது. என் மச்சான் சொன்ன கடையில ரெடிமேடாவே கிடைக்குது."

திரையைச் சுருட்டிக்கொண்டு திரும்பினோம். வழியெல்லாம் அண்ணன் தலை நிமிரவில்லை.

கொட்டகை மாடியில் குடியிருந்த வக்கீலம்மா, கிழிந்த கறுப்பு அங்கியோடு வந்து நின்றார். அண்ணி அதைத் தைத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். "தப்பு எங்க மேலதான். அப்ப அவர் முறிச்சது சரிதானே?"

"எல்லா ஒப்பந்த மீறலும் ஒண்ணில்லைம்மா. ஒரு துண்டு திரும்பினது சின்ன மீறல். சரி பண்ணச் சொல்லலாம், நஷ்டம் கேக்கலாம், மொத்தத்தையும் தூக்கி எறிய முடியாது. மேடைத்திரைன்னு சொல்லிட்டுக் கொசுவலையைக் கொண்டுபோயிருந்தா அது அடிப்படையையே உடைக்கறது. அப்ப அவர் கைகழுவலாம்."

"அப்ப அவர் பண்ணது?"

"அது மூணாவது ரகம். குறிச்ச நாள் வர்றதுக்கு முன்னாடியே, வாங்கமாட்டேன்னு சொல்றது."

அண்ணன் அப்போதுதான் நிமிர்ந்தான். "மீறினது அவரா?"

"அவர்தான். இப்ப முடிவு உங்க கையில. முறிஞ்சதுன்னு ஏத்துக்கிட்டு இன்னைக்கே கேஸ் போடலாம். இல்லை, ஏத்துக்கலைன்னு சொல்லி ஒப்பந்தத்தை உயிரோட வச்சுக்கலாம். ஆனா அது ரெண்டு பேரையும் கட்டும். குறிச்ச நாள்ல திரை தயாரா இல்லைன்னா மீறினவங்க நீங்கதான்."

அண்ணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "கேஸ்ல ஜெயிச்சா திரை எங்க தொங்கும்?"

"உங்க கொட்டகையில."

"கொட்டகைக்கு உயரம் பத்தாது. உயிரோடவே இருக்கட்டும்."

முறிவை ஏற்கவில்லை, குறித்த நாளில் திரை வரும் என்று வக்கீலம்மா அரங்கத்தின் தலைவருக்கு நோட்டீஸ் அனுப்பினார். அதே சாயத்தில் வேறு துணி கிடைக்கவில்லை. அந்தத் துண்டையே திருப்பியாக வேண்டும். வெல்வெட்டில் பிரித்த தையல் ஊசித்தடத்தை விட்டுவிட்டுப் போகும். நான் தையலைப் பிரித்தேன். அண்ணன் பின்பக்கமிருந்து கெட்டில் ஆவியைக் காட்ட, அண்ணி முன்பக்கம் பிரஷ்ஷால் மயிரை எழுப்பினாள்.

"சின்னக் குழந்தைக்குத் தலை வாருற மாதிரி வாருறியே," என்றான் அண்ணன்.

"உங்க பிள்ளைதானே, தலைகீழாப் பொறந்தது," என்றாள் அண்ணி. அந்த வாரத்தில் அண்ணன் சிரித்தது அப்போதுதான்.

குறித்த நாளில் வேனில் திரையோடு போனோம். மேனேஜர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேனே?"

"நீங்க சொன்னீங்க சார். நான் சரின்னு சொல்லவே இல்லையே."

உள்ளேயிருந்து தலைவர் வந்தார். கையில் நோட்டீஸ் இருந்தது. "வேண்டாம்னு திருப்பி அனுப்பினா நஷ்டத்தை உன் மச்சானா கட்டுவான்? மாட்டட்டும்யா, பாத்துட்டுப் பேசு."

மாட்டினோம். மேலிருந்து கீழ்வரை நான் ஒருமுறை தடவிப் பார்த்தேன். எங்கும் தடுக்கவில்லை. விளக்குகள் எரிந்தன. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே சிவப்பு. வேலையை நிறுத்திவிட்டு வந்த மேடை ஆட்கள் கை தட்டினார்கள்.

மேனேஜர் மட்டும் மூக்கு உரசும்படி ஒவ்வொரு துண்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்தத் துண்டையும் தாண்டிப் போனார். கடைசியில் அண்ணியிடமே கேட்டார்: "எதும்மா அது?"

"பூனைக்குத் தெரியும். அது வாயைத் திறக்காது."

தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். மேனேஜர் போய்க் கயிற்றை இழுத்தார். எங்கள் திரை இரண்டாகப் பிரிந்து, முனகல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் ஒதுங்கியது. அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேடை நடுவில் நின்றாள்.

"நல்லா இருக்கு சார். இன்னொரு தடவை இழுங்க."

அவர் இழுத்தார்.