முன் இடப்பக்கச் சக்கரம்

அன்று காலை காரில் இருந்தவர்கள் — நான், பின் சீட்டில் அம்மா, அம்மாவின் தோளில் சாய்ந்தபடி நிறைமாத அக்கா. இல்லாதவர் அப்பா. எனக்குப் பக்கத்துச் சீட் காலி.

காலி என்று நான்தான் சொல்கிறேன். அம்மா அப்படிச் சொல்லமாட்டார்.

அப்பா வாவியில் — எங்கள் பேச்சில் ஆறு — மீன் பிடித்தவர். "நீ கார் வாங்கினா நான் முன்னுக்கு இருந்து ஆத்தப் பாத்துக்கிட்டு வருவன்" என்று சொல்லிச் சொல்லியே என்னைப் படிக்க அனுப்பினார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரை பார்த்த முதல் ஆள் நான். படித்தேன், வேலை கிடைத்தது, பழைய ஜப்பான் கார் ஒன்றும் வந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான், தன்னாமுனைப் பக்கம் வாவியில், தோணியிலேயே மாரடைப்பு வந்து அப்பா போய்விட்டார்.

அதனால் அந்த முன் சீட்டில் அம்மா யாரையும் உட்கார விடுவதில்லை. அது அப்பாவுடையது.

அன்று அக்காவுக்கு கிளினிக். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், தன்னாமுனை தாண்டியதும் இடப்பக்கம் வாவி தெரியும். தண்ணீருக்கு மேலே பனி புகைந்துகொண்டிருந்தது. ஒரு தோணி இல்லை. ஒரு கொக்குக்கூட இல்லை. நேரான வீதி என்பதால் கொஞ்சம் வேகம் பிடித்தேன்.

ஸ்டியரிங் மெல்ல இடப்பக்கம் திரும்பியது. நான் திருப்பவில்லை!

வலப்பக்கம் இழுத்துப் பிடித்தேன். மறுபடியும் இடப்பக்கம்... வாவியை நோக்கி. சின்னப் பிள்ளை விரலைப் பிடித்து இழுக்குமே, அப்படி.

"மெல்லப் போ மனே" என்றார் அம்மா பின்னாலிருந்து, மிகச் சாதாரணமாக. "அப்பா இறங்கப் பாக்கிறார்."

டவுன் வரும்வரை நான் பக்கத்துச் சீட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், வேலி மூலையில் நிறுத்தியிருந்த காரை அம்மா தள்ளி நின்று காட்டினார். "பாரு. எந்தப் பக்கம் பாரம் கூட?"

பார்த்தேன். முன் இடப்பக்கம் தாழ்ந்திருந்தது. ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் எப்படித் தாழுமோ, அப்படி. கதவோ பூட்டிக் கிடந்தது.

அக்காவின் புருஷன், எங்கள் அத்தான், இப்படியான நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. "மாமா உசிரோட இரிக்கக்க சுள்ளி மாதிரி இருந்தார். போன இடத்துல நல்ல சாப்பாடு போல மச்சான், டயரையே அமத்திட்டார்!"

அம்மா பார்த்த பார்வையில் அத்தான் மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார்.

நான் படித்தவன் அல்லவா? பெட்ரோல் ஷெட்டுக்குப் போய் கேஜ் வைத்துப் பார்த்தேன். மூன்று டயர் பரவாயில்லை. முன் இடப்பக்கத்தில் மட்டும் பாதிக் காற்றுக்குக் கொஞ்சம் மேலே. முன் டயர் ஒன்றில் காற்று இறங்கினால் கார் அந்தப் பக்கம்தான் இழுக்கும், தாழும். இதில் பேய்க்கு என்ன வேலை? டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எவ்வளவு காற்று என்று அதில்தான் எழுதியிருக்கும். (டயரின் பக்கத்தில் பொறித்திருப்பது அது தாங்கக்கூடிய உச்சம். அதைப் பார்த்து அடிக்காதீர்கள். ஓடிச் சூடேறிய டயரையும் அளக்காதீர்கள் — கேஜ் கூட்டிச் சொல்லும்.) ஸ்டிக்கர் சொன்னபடி அடித்தேன். கார் நிமிர்ந்தது. நானும் நிமிர்ந்தேன்.

இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் முகம் கழுவ வெளியே வந்தால்... அதே மூலையில், அதே பக்கம் தாழ்ந்து கிடக்கிறது கார். முன் கதவருகே அம்மா விளக்கு வைத்து, பால் ஊற்றாத பிளேன்டீயும் வைத்திருந்தார். அப்பாவுக்கு அந்த நேரத்துக்குத்தான் பிளேன்டீ வேண்டும்.

பிறகு அம்மா முடிவாகச் சொன்னார். "வயித்துப் புள்ளைக்காரிய இனி இந்தக் காருல ஏத்த ஏலா. அவர் ஆசையாத்தான் வாறார். எண்டாலும் செத்தவர்ர நிழல் புள்ளைக்குக் கூடாது."

"நோவு வந்தா எதுல போற?" என்றேன்.

"ஆட்டோ இரிக்கி."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார் — எந்த நேரமும் வலி வரலாம், வந்தால் தாமதிக்கக் கூடாது. எங்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கையின் பள்ளங்களில் ஆட்டோவா? அந்த நேரத்தில் ஆட்டோ கிடைக்காவிட்டால்? என் காரில் போனாலோ... காற்றில்லாத டயர் சூடேறி, அந்த வாவி ஓரத்தில் வெடித்தால்?

அடித்த காற்று ஏன் நிற்கவில்லை? அதைக் கண்டுபிடிக்காமல் தூக்கம் வராது என்று தெரிந்தது. அக்காவுக்கு நைட்டி எடுக்கலாம் என்று சொல்லி அம்மாவைக் காத்தான்குடிக்குக் கூட்டிப் போனேன். முதலில் டயர் கடை.

கடைக்கார நானா — அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள் — சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். ஒரு குமிழி. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று... அடியில் யாரோ நிதானமாக மூச்சு விடுவதுபோல. அம்மா தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றார்.

நானா குறட்டால் எதையோ பிடித்து இழுத்தார். "ஆணி இல்ல தம்பி. கெளுத்தி முள்ளு! நீங்க கார ரோட்டுல ஓட்டுறயா, ஆத்துல ஓட்டுறயா?"

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. முள்ளை வாங்கி அடிப்பக்கத்தைத் தடவினார். முறுக்கி ஒடித்த முள். வலையில் சிக்கிய கெளுத்தியை அப்பா அப்படித்தான் கழற்றுவார் — முள்ளை ஒரு முறுக்கு முறுக்கி ஒடித்து, வேலி மூலையில் எறிவார். செருப்பில்லாமல் அந்த மூலைக்குப் போகாதே என்று சின்ன வயதில் எத்தனை தரம் அடி வாங்கியிருக்கிறேன்!

அந்த மூலையில்தான் நான் கார் நிறுத்துகிறேன்.

காரணம் கிடைத்துவிட்டது. பயம் போயிருக்க வேண்டும், இல்லையா? எனக்கு அப்போதுதான் வந்தது. அம்மா சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றுதானே... காரைப் பிடித்து இழுத்தது அப்பாதான்.

அடுத்த கிளினிக்குக்கு அக்காவைக் காரில்தான் கூட்டிப் போனோம். முன் சீட்டில் அம்மாவே ஏறி உட்கார்ந்தார். வாவி வந்தது.

"இப்ப இழுக்குதா மனே?"

"இல்லம்மா."

அம்மா தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இறங்கிட்டார் போல" என்றார்.

இப்போது காரை முற்றத்தின் நடுவில் நிறுத்துகிறேன். கேஜ் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். நான்கு டயரும் சரி. ஆனாலும் அந்த இடம் வந்தால் என் கை தானாக வலப்பக்கம் பிடிக்கிறது... எதற்கு எதிராக?

செலவைச் சொல்லவில்லையே. டயர் கடையில் நான் பர்ஸை எடுத்தபோது அம்மா என் கையைத் தட்டிவிட்டார். "இது அவர்ர செலவு, நான் குடுக்கிறன்" என்று சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து, முள்ளை உள்ளே வைத்து, அதிலிருந்த காசை எண்ணிக் கொடுத்தார் — எழுநூறு ரூபாய்.